பத்தில் மூன்றாவது பிரதி

சென்ற ஆண்டு சென்னையில் ஒரு கேலரியில் எங்கள் ஊர்த் தறி ஒன்றைப் பார்த்தேன். தறியின் புகைப்படத்தை என்று சொல்லவேண்டும். கறுப்பு வெள்ளை, இரண்டடிக்கு மூன்றடி இருக்கும். குழித்தறியில் உட்கார்ந்திருக்கும் ஒரு கிழவரின் முதுகு. எதிரே ஜன்னல். அதன் வெளிச்சம் பாவின்மேல் விழுந்து, பாவு தண்ணீர் மாதிரி கிடக்கிறது. கீழே வெள்ளை ஓரத்தில் பென்சிலால் 3/10 என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்து. அங்கே இருந்த இளைஞர் விளக்கினார். இந்தப் படத்துக்கு உலகத்தில் மொத்தம் பத்துப் பிரதிதான். இருட்டறையில் புகைப்படக்காரரே அச்சிட்டது. பத்தும் விற்றுவிட்டால் இனி அச்சிடுவதில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். இரண்டு போய்விட்டன, மீதி குறையக் குறைய விலை ஏறும். விலை கேட்டேன். பிள்ளையார்பாளையத்தில் ஒரு தறி வருஷம் முழுக்க ஓடினாலும் அவ்வளவு கூலி வராது.

ஊர் திரும்பி நண்பர்களிடம் சொன்னபோது எதிர்பார்த்ததுதான் கிடைத்தது. ஒருவர் சிரித்தார். இன்னொருவர், ஒரு நெகடிவிலிருந்து ஆயிரம் பிரதி எடுக்கலாம் என்றிருக்கும்போது பத்தோடு நிறுத்துவது அரிசி மண்டிக்காரன் பதுக்குகிற காரியம்தான் என்றார். நானும் தலையாட்டினேன். ஆனால் அப்போது நாங்கள் செய்துகொண்டிருந்தது என்ன? முந்நூறு பிரதி அச்சாகும் இந்தப் பத்திரிகையின் அடுத்த இதழுக்கு மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்தோம். முந்நூறுக்கு மேல் போகவில்லை என்பதில் நமக்கு வருத்தம் இருக்கிறது. வருத்தத்துக்கு அடியில், ஒப்புக்கொள்ளாத ஒரு பெருமையும் இருக்கிறது. பத்தைப் பரிகாசம் செய்ய முந்நூறுக்கு என்ன யோக்கியதை என்ற கேள்வி அன்று இரவு என்னைத் தூங்கவிடவில்லை.

புகைப்படத்துக்கென்று ஒரு கேலரி என்ற விஷயமே ஒரு சிறுபத்திரிகையின் வயிற்றில் பிறந்ததுதான். நியூயார்க்கில் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் 1903இல் 'கேமரா வொர்க்' பத்திரிகையைத் தொடங்கினார். அதன் படங்களில் பல, செப்புத் தகட்டிலிருந்து மெல்லிய தாளில் எடுத்துப் பக்கத்தில் கையால் ஒட்டப்பட்டவை. 1905இல் ஐந்தாவது அவென்யூவில் 291ஆம் எண் கட்டடத்து மாடியில், சின்ன அறைகளில், ஒரு கேலரியும் சேர்ந்துகொண்டது. சந்தாதாரர்கள் தொடக்கத்தில் ஆயிரத்தை நெருங்கினார்கள். 1917இல் பத்திரிகையும் கேலரியும் முடிந்தபோது நாற்பது பேர்கூட இல்லை. இந்தக் கதை நமக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. புகைப்படத்தை மட்டும் விற்று ஒரு கேலரி பிழைக்க முடியும் என்பது தெரிய, அதே ஊரில் 1969இல் விட்கின் கேலரி வரவேண்டியிருந்தது. நம் பக்கத்தில் பெங்களூரில் 'தஸ்வீர்' தொடங்கியது 2006இல். அதை நிறுவிய அபிஷேக் பொத்தாரின் சேகரிப்பை அடித்தளமாகக் கொண்டு 2023இல் அங்கே ஒரு மியூசியமே திறந்தார்கள். சென்னையில் 2016இலிருந்து புகைப்படத்துக்கென்று ஒரு பினாலே நடக்கிறது. ஆக, இது வந்துவிட்ட விஷயம். முகம் திருப்பிக்கொள்வதால் போகப்போவதில்லை. இதைப் பற்றி நமக்கு ஒரு அபிப்பிராயம் வேண்டும். எரிச்சல் மட்டும் போதாது.

முதலில் எண்ணைப் பற்றி. பத்து என்ற எண்ணில் கலை சம்பந்தமான எந்தப் பெறுமானமும் இல்லை. இதில் நண்பர்கள் சொல்வது சரி. 1950இல் ரமணரின் கடைசி நாட்களில் திருவண்ணாமலையில் படம் எடுத்த ஹென்றி கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் தம் பிரதிகளை எண் போட்டு வரையறுத்தவர் இல்லை. அமெரிக்க மலைகளைப் படம் பிடித்த ஆன்ஸல் ஆடம்ஸ் 1941இல் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூரின்மேல் நிலா எழுவதை எடுத்தார். அந்த ஒரே நெகடிவிலிருந்து தம் வாழ்நாளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பிரதிகள் அச்சிட்டார். பிரதி ஆயிரமானதால் படம் மலினமாகிவிடவில்லை. மறுபக்கம், எண் போட்டதாலேயே அது சத்தியமாகிவிடுவதுமில்லை. வில்லியம் எகிள்ஸ்டன் தம் பழைய வண்ணப் படங்களை, வேறு முறையில், பெரிய அளவில் புதிதாக அச்சிட்டு 2012இல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் விற்றார். முன்பே வரையறுத்த பிரதிகளை வாங்கி வைத்திருந்த ஒரு சேகரிப்பாளர் வழக்குப் போட்டார். 2013இல் நியூயார்க் நீதிமன்றம் வழக்கைத் தள்ளிவிட்டது. அளவும் முறையும் வேறானதால் அது வேறு பதிப்பு என்பது தீர்ப்பின் சாரம். ஆகவே 3/10 என்பது சந்தைக்குள் இருவர் செய்துகொண்ட ஒப்பந்தம். அதை ஒப்பந்தமாகவே பார்க்கவேண்டும். அதைப் பார்த்துப் பரவசப்படுவது, கவிதைத் தொகுப்பைத் திறந்ததும் விலையைப் படித்துப் பரவசப்படுவது மாதிரி.

ஆனால் இங்கே நண்பர்கள் இரண்டு விஷயங்களைக் குழப்பிக்கொள்கிறார்கள். எண் பொய் என்பதால் பிரதியும் பொய்யாகிவிடாது. நெகடிவ்தான் நிஜம், தாளில் வருவது அதன் நகல் என்று நினைத்தால் எல்லாப் பிரதியும் ஒன்றுதான். கேலரிக்காரன் ஏமாற்றுக்காரன்தான். ஆடம்ஸ் அப்படி நினைக்கவில்லை. அவர் இளமையில் பியானோ பயின்றவர்; நெகடிவை ஸ்வரக் குறிப்புக்கும் பிரதியை வாசிப்புக்கும் ஒப்பிடுவார். அவர் நிலாப் படத்தின் வானமே ஆரம்பப் பிரதிகளில் சற்று வெளிறியும் பிந்திய பிரதிகளில் கன்னங்கரேலென்றும் இருக்கும். எனக்கு அந்த அளவுக்கு சங்கீத ஞானம் கிடையாது. காஞ்சிபுரத்துக்காரனுக்கு அதைவிடப் பக்கத்தில் ஒரு உவமை இருக்கிறது. நெகடிவ் மூலவர், பிரதி உற்சவர். உற்சவரை யாராவது மூலவரின் நகல் என்பார்களா? அவருக்குத் தனித் திருமஞ்சனம், தனி அலங்காரம், தனி வாகனம். வீதிக்கு வருவது அவர்தான். மூலவர் இருட்டில் இருக்கிறார். ஜனங்கள் பார்த்துப் பழகுவது உற்சவரின் முகத்தை.

அத்திவரதர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். 1979க்குப் பிறகு 2019இல் ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள் அவர் அனந்தசரஸிலிருந்து வெளியே இருந்தார். அந்த நாட்களில் சின்ன காஞ்சிபுரத்தில் விற்ற படங்களுக்குக் கணக்கில்லை. இன்றைக்கும் பாதி வீடுகளில் சயனக் கோலமும் நின்ற கோலமும் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டியிருக்கின்றன. அதில் எத்தனையாவது பிரதி என்று யாரும் கேட்கவில்லை. வாங்கியவர்களுக்கு எல்லாமே முதல் பிரதி. ஆகவே எங்கள் ஊருக்குப் படம் வாங்கத் தெரியாது என்று யாரும் சொல்லவேண்டாம். எங்களுக்குத் தெரியாதது வேறு. சாமி இல்லாத ஒரு படத்தை எதற்காக வைத்துக்கொள்வது என்பது தெரியாது.

அது தெரியாததன் விலை என்ன என்பதை இரண்டு சம்பவங்களில் பார்த்தேன்.

பழைய ஜரிகை வாங்குகிறவர் தெருவில் கூவிக்கொண்டு வருவார். நல்ல ஜரிகை என்பது பட்டு நூலின்மேல் வெள்ளி இழையைச் சுற்றித் தங்க முலாம் பூசியது. கிழிந்த கூறைப் புடவையைப் பார்த்து அவர் எடை போடுவது அந்த வெள்ளியைத்தான். என் அம்மா தன் கூறைப் புடவையை ஒருநாள் கொடுத்துவிட்டாள். அதை எரிப்பார்கள். பட்டு சாம்பலாகும்; உலோகம் மிஞ்சும். முந்தானையில் என்ன இருந்தது என்று இப்போது எங்கள் வீட்டில் யாருக்கும் நிச்சயமில்லை. அன்னம் என்கிறாள் அக்கா. எனக்கு யாளி என்று ஞாபகம்.

இரண்டாவது, நான் பள்ளிக்கூடம் போகும் வழியில் இருந்த ஒரு ஸ்டூடியோ. உரிமையாளர் இறந்து, மகன் கடையைக் காலி செய்துகொண்டிருந்தார். பரணில் மரப்பெட்டிகளில் கண்ணாடி நெகடிவுகள். கல்யாணத் தம்பதிகள், மொட்டை போட்ட குழந்தைகள், இறந்தவரை நாற்காலியில் உட்காரவைத்து எடுத்தவை. பின்கட்டில் ஒரு பையன் அவற்றை வெந்நீரில் ஊறவைத்துச் சுரண்டிக் கழுவிக்கொண்டிருந்தான். கண்ணாடி சுத்தமானதும் சட்டம் போடும் கடைக்குப் போகும். அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் காமாட்சியையும் வரதரையும் வைத்து ஆணி அடிப்பார்கள். ஃபிலிம் நெகடிவுகளை வெள்ளிக்காகவே வாங்கிப்போகிற ஆளும் உண்டு. புகைப்படத்தின் கறுப்பு என்பது நுண்ணிய வெள்ளித் துகள்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்தப் படிமத்துக்குத் தங்க உப்புக் கரைசலில் நிறமேற்றுவதும் வழக்கம். வெள்ளியின்மேல் தங்கம். ஜரிகைக்கும் அந்தக் காலத்துப் புகைப்படத்துக்கும் சரக்கு ஒன்று. இரண்டுக்கும் எங்கள் ஊரில் நேர்ந்த கதியும் ஒன்று.

இதை நினைத்த பிறகு கேலரிக்காரன்மேல் எனக்கிருந்த கோபத்தில் பாதி குறைந்தது. அவன் பஞ்சத்தை உற்பத்தி செய்கிறான் என்பது வாஸ்தவம். ஆனால் பத்துப் பேராவது அந்தத் தாளை ஈரம் படாமல், வெயில் படாமல், அமிலம் இல்லாத அட்டையில் வைத்துக் காப்பாற்றுகிறார்கள். பணம் போட்டதால் காப்பாற்றுகிறார்கள். காரணம் கேவலமாக இருக்கலாம், காரியம் நடக்கிறது. அரசாங்கம் காப்பாற்றியிருக்குமே என்று சொல்கிறவர்களுக்கு லின்னேயஸ் டிரைப்பை ஞாபகப்படுத்துகிறேன். சென்னை ராஜதானியின் அரசுப் புகைப்படக்காரராக மதுரையையும் தஞ்சாவூரையும் 1857-58இல் படம் எடுத்தார். பெரிய கோயில் அதிஷ்டானத்துக் கல்வெட்டை வரிசையாக எடுத்து, 21 தாள்களை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். ஒரு புகைப்படக்காரன் கட்டடத்தை விட்டுவிட்டு எழுத்தைத் தொடர்ந்து நடந்திருக்கிறான் என்பது நம் போன்றவர்களுக்குச் சிலிர்ப்புத் தரவேண்டும். கவர்னராக வந்த சார்லஸ் டிரெவெல்யன் இதெல்லாம் ஆடம்பரம் என்று அந்த ஏற்பாட்டையே மூடினார். டிரைப்பின் பிரதிகளை இன்று பார்க்க வேண்டுமானால் லண்டன் மியூசியங்கள் நல்ல இடம்.

விற்காமலே காப்பாற்றுகிற இடங்களும் உண்டு. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் 1956இலிருந்து சேர்ந்த கோயில் படங்கள் லட்சத்தைத் தாண்டும். தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களின் பழைய படங்களை ஸோயி ஹெட்லியும் அவர் குழுவினரும் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தேடிப்பிடித்து எண்ணியல் பிரதி எடுத்தார்கள். அந்த மரப்பெட்டிகள் கழுவப்படுவதற்கு முன் அப்படி யாராவது எங்கள் தெருவுக்கு வந்திருக்கலாம். ஆனால் ஆவணக் காப்பகம் படத்தைத் தகவலாகக் காப்பாற்றுகிறது. அது பெரிய காரியம். தாளை, அதன் கறுப்பை, ஒருவன் இருட்டறையில் எடுத்த முடிவுகளைக் காப்பாற்றுவது இன்னொரு காரியம். முதல் காரியம் நடந்துவிட்டதால் இரண்டாவது தேவையில்லை என்று ஆகாது.

இனி அந்தப் படத்துக்கு வருகிறேன். எண்ணையும் விலையையும் பற்றி இவ்வளவு பேசிவிட்டுப் படத்தைப் பற்றிப் பேசாமலிருப்பது வியாபாரி செய்கிற வேலை.

முதல் பார்வையில் எனக்கு அது பிடிக்கவில்லை. இந்த முதுகை நான் நூறு முறை பார்த்திருக்கிறேன். கேமராவோடு பிள்ளையார்பாளையத்துக்கு வருகிற எல்லோரும் இதே ஜன்னலைத் தேடுகிறார்கள், கிழவரைத் தேடுகிறார்கள், சட்டையைக் கழற்றச் சொல்கிறார்கள். தனிமையில் தவம் செய்யும் கலைஞன் என்ற ஒரு பழைய பாவனைக்கு எங்கள் ஊர் ஆட்களை மாடலாக உட்காரவைக்கிறார்கள். அது பொய். கோர்வைப் புடவையை மரபான தறியில் ஒருவர் தனியாக நெய்ய முடியாது. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். மூன்று நாடா வேண்டும். வலது கரை நாடாவைப் போட இன்னொருவர் பக்கத்தில் உட்காரவேண்டும். மனைவி, மகள், தம்பி, கூலிக்கு வந்த பையன், யாராவது ஒருவர். என் பள்ளிப் பருவத்தின் சாயங்காலங்கள் அந்த இடத்தில் போயின. புகைப்படங்களில் அந்த இடம் எப்போதும் சட்டத்துக்கு வெளியே. நெசவாளியை ஒற்றையாளாக்கினால்தான் அவன் சுவரில் மாட்டுகிற மாதிரி இருப்பான் போலும்.

இப்படி எழுதிவிடலாம் என்ற தீர்மானத்தோடு மறுநாள் ரயிலுக்கு முன் இன்னொரு முறை போய் நின்றேன். அப்போதுதான் வலது ஓரத்தைப் பார்த்தேன். இருட்டு என்று நான் நினைத்திருந்த இடத்தில், கறுப்புக்குள் ஒரு கறுப்பாக, மூன்று விரல்கள். நாடாவைப் பிடித்தபடி. அதற்கு மேல் கை இல்லை, ஆள் இல்லை, சட்டம் வெட்டிவிட்டது. ஆனால் விரல்களை அவர் விட்டுவைத்திருக்கிறார். அச்சிடும்போது அந்த மூலைக்கு இன்னும் சில நொடி வெளிச்சம் கொடுத்திருந்தால் அவை கரைந்து மறைந்திருக்கும். ஓரத்தை அரை அங்குலம் உள்ளே தள்ளியிருந்தால் வெளியே போயிருக்கும். இரண்டையும் செய்யவில்லை. கேலரியில் கொடுத்த கேட்லாக்கை அங்கேயே திறந்து ஒப்பிட்டேன். அதில் அந்த மூலை வெறும் மை. என் போனில் எடுத்துப் பார்த்தேன், அதிலும் இல்லை. விரல்கள் அந்தத் தாளில் மட்டும் இருந்தன.

நான் எழுத இருந்த விமர்சனம் அங்கேயே பாதி செத்தது. இந்தப் புகைப்படக்காரர் நான் குற்றம் சாட்ட இருந்ததை அறிந்தவர். அந்தப் பொய்யைச் சொல்லிக்கொண்டே அதன் ஓரத்தில் ஒரு தையலைப் பிரித்துவைத்திருக்கிறார். அது போதுமா என்று இன்னும் எனக்குச் சந்தேகம்தான். உண்மையை ஓரத்து இருட்டில் வைப்பது துணிச்சலா, தந்திரமா? வாங்குகிறவன் முதுகை வாங்குவான், விரலைப் பார்ப்பானா? மனசாட்சிக்கு மூன்று விரல், சந்தைக்கு மீதி முழுப்படம் என்ற பங்கீட்டை நான் ஏற்கமாட்டேன். காஞ்சிபுரத்தில் வளர்ந்த சதீஷ்குமார் 'டவுன் பாய்' என்ற தம் தொடரில் தன்னையும் தன்னைச் சுற்றியிருந்தவர்களையும் ஒரு நாட்குறிப்பு மாதிரி எடுத்திருக்கிறார். ஊரை அந்த ஜன்னல் வழியாகத்தான் பார்க்கவேண்டும் என்ற கட்டாயம் ஒன்றுமில்லை என்பதற்கு அது சாட்சி.

ஆனாலும் ஒன்று எனக்கு ஊர்ஜிதமாயிற்று. பிரதி என்பது இருக்கிறது. எண்ணுக்கு அப்பால், விலைக்கு அப்பால், அந்தத் தாளின் முன் நின்றால் மட்டும் கிடைக்கிற ஒரு விஷயம் இருக்கிறது. கேட்லாக்கை வைத்துக்கொண்டு புகைப்படத்தை விமர்சிக்கிறவன், கதைச் சுருக்கத்தைப் படித்துவிட்டு நாவலை விமர்சிக்கிறவன். நம்மில் பெரும்பாலோர் அதைத்தான் செய்துவருகிறோம், நானும்தான்.

அப்படியானால் கேள்வி இடம் மாறுகிறது. பத்துப் பிரதி ஏன் என்பது போய், அந்தப் பத்தும் எங்கே போகின்றன என்று கேட்கவேண்டும். நம் முந்நூறுக்கும் அந்தப் பத்துக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான். நம் பத்திரிகை முந்நூறு பேரோடு நிற்பதில்லை. கை மாறுகிறது, அட்டை கிழிந்து, எவனோ ஒரு மாணவனிடம் போய்ச் சேருகிறது. அந்தப் படம் ஒரு வீட்டு வரவேற்பறைக்குப் போய்க் கதவு சாத்திக்கொள்கிறது. தொழிலில் ஒரு வழக்கம் உண்டு: எண்ணிட்ட பிரதிகளுக்கு வெளியே ஒன்றிரண்டைக் கலைஞன் தனக்கென்று வைத்துக்கொள்வான், அது பத்தில் சேராது, சந்தையும் அதை ஒப்புக்கொண்டிருக்கிறது. அந்தச் சலுகையில் இன்னொன்றைச் சேர்க்கவேண்டும் என்கிறேன். எந்த ஊரில் எடுத்ததோ அந்த ஊருக்கு ஒரு பிரதி. விற்கக்கூடாது, எண் வேண்டாம்.

எங்கே வைப்பது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எங்கள் நூலகத்தில் வைத்தால் முதல் மழைக்கே பூஞ்சணம் பிடிக்கும். நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களின் சுவர்கள் இருக்கின்றன. அங்கே தலைவர்கள் படத்துக்கே இடம் போதவில்லை. மாட்டிய பிறகு யாராவது நின்று பார்ப்பார்களா என்பதும் நிச்சயமில்லை. ஆனால் வலது பக்கம் உட்கார்ந்து நாடா போட்டவர்கள் இந்த ஊரில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அந்த மூலையை எப்படிப் பார்ப்பது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

கேலரிக்கு இதை ஒரு கடிதமாக எழுதிப் போட்டேன். பதில் வரவில்லை. நான்காவது பிரதியும் விற்றுவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.